சாக்கெட்டும் சாக்ஸ் கணக்கும்: டெல்டாவில் செயற்கைக் காலோடு நடமாடுவது

செயற்கைக் கால் மாட்டிய முதல் மாதத்தில் யாராவது "அருமையா இருக்கு" என்று சொன்னால் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஒரு சித்திரை வெயிலும் ஒரு ஐப்பசி அடைமழையும் கழியட்டும். கால் அப்படியேதான் இருக்கும். உள்ளே போகிற ஸ்டம்ப், அதாவது எடுத்தது போக மிச்சமிருக்கிற கால்தான் மாறிக்கொண்டிருக்கும். முதல் ஒன்று, ஒன்றரை வருடம் வற்றிக்கொண்டே வரும். அதற்குப் பிறகும் காலையில் ஒரு அளவு, சாயங்காலம் ஒரு அளவு. இங்கே எழுதியிருப்பது முட்டிக்குக் கீழே எடுத்தவர்களுக்கு, பீலைட் லைனரும் (மெத்தென்ற நுரை உறை) ஸ்டம்பின் மேல் பருத்தி சாக்ஸும் போடுகிற வகைக்கு.

சாக்ஸின் தடிமனை பிளை என்பார்கள்: 1, 3, 5 என்று வரும். காலையில் 3 போட்டுக் கிளம்பி, மதியம் ஸ்டம்ப் உள்ளே இறங்கி ஆடினால் 1 சேர்க்க வேண்டும். கூட்டுவதா குறைப்பதா என்பதை வலிக்கிற இடமே சொல்லிவிடும். முட்டிச் சில்லின் கீழ் விளிம்பும் ஸ்டம்பின் நுனியும் வலித்தால் கால் ஆழமாக இறங்கிவிட்டது, கூட்டுங்கள். சில்லுக்குக் கீழே முன்னெலும்பின் மேடு வலித்து, நுனி எதையும் தொடாமல் இருந்தால் கால் மேலேயே நிற்கிறது, குறையுங்கள். எங்கே வலித்தாலும் இன்னொரு சாக்ஸ் போடுவதுதான் பலர் செய்யும் தப்பு. 10 பிளையைத் தாண்டியும் ஆடினால் சாக்ஸால் தீராது, ஸ்டம்ப் நுழைகிற கூடான சாக்கெட்டையே பார்க்க வேண்டும்.

நுனி எப்படி உட்காருகிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம். கோலிக்குண்டு அளவு சப்பாத்தி மாவை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி லைனரின் அடியில் போடுங்கள். காலை மாட்டி, இரண்டு காலிலும் சமமாக எடை போட்டு ஒரு நிமிடம் நின்றுவிட்டு எடுங்கள். உருண்டையாகவே வந்தால் அடியில் வெற்றிடம். அப்பளமாகத் தேய்ந்திருந்தால் நுனி மோதுகிறது. அடை மாதிரி தடிமனாக அமுங்கியிருந்தால் சரி. புண் இருக்கும்போது மட்டும் இந்தச் சோதனை வேண்டாம்.

வெற்றிடத்தை அலட்சியம் செய்யாதீர்கள். மேலே இறுகி அடியில் காலியாக இருந்தால் நீர் நுனியில் தேங்கும். தோல் கறுத்துத் தடித்து, மரு மாதிரி சொரசொரப்பாகி, நீர் கசிய ஆரம்பிக்கும். களிம்பு மட்டும் தடவினால் ஆறாது. நுனிக்குப் பிடிமானம் கிடைக்கும்படி டெக்னீஷியன் அடியில் பேட் வைக்க வேண்டும்.

வயலுக்குப் போகிறவர்களுக்கு என் ஓட்டு ஜெய்ப்பூர் காலுக்கு. 1960-களின் கடைசியில் ராம் சந்திர சர்மாவும் டாக்டர் பி.கே. சேத்தியும் உருவாக்கியது, வெறுங்காலோடு நடக்கவும் குத்துக்காலிட்டு உட்காரவும் தோதான ரப்பர் பாதம். சேறு பட்டால் கழுவிவிடலாம். மற்ற பாதங்கள் பெரும்பாலும் செருப்பின் குதி உயரத்துக்குச் சாய்வு வைத்துப் பூட்டப்பட்டவை. தஞ்சைப் பெரிய கோயில் வாசலில் செருப்பைக் கழற்றியதும் குதி தாழ்ந்து, சாக்கெட் பின்னால் சாய்ந்து, முட்டியைப் பின்னுக்குத் தள்ளும். அதே உயரத்துக்கு ஒரு ரப்பர் துண்டைக் குதியடியில் வைத்து மேலே சாக்ஸ் போட்டுக்கொண்டால் பிரகாரம் சுற்றலாம். சேற்றில் எந்தப் பாதமானாலும் மாட்டிக்கொள்ளும். இழுக்க இழுக்க ஸ்டம்ப் உள்ளே மேலும் கீழும் உரசும். காலைப் பிடித்து நிறுத்தும் வாரை ஒரு ஓட்டை இறுக்கி, குதியை முதலில் கிளப்பித் தூக்குங்கள்.

நடவு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வரப்பில் உட்கார்ந்து கழற்றி, வியர்வையைத் துடைத்து, காய்ந்த சாக்ஸ் மாற்றுவது நல்லது. மழைக்காலத்தில் துணி காயாது என்பதால் ஆறு உருப்படியாவது கையில் வேண்டும். லைனரைச் சோப்பு போகக் கழுவி நிழலில் உலர்த்துங்கள், வெயில் ஆகாது. ஸ்டம்பைக் கழுவுவதும் எண்ணெய் தடவுவதும் இரவில்தான்; காலையில் செய்தால் தோல் ஊறி, சாக்கெட்டுக்குள் வழன்றுபோகும். முடியைச் சிரைத்தால் வேர்க்காலில் கொப்புளம் வரும்.

கழற்றியதும் சிவந்திருப்பது இயல்பு, 10 நிமிடத்தில் மறைய வேண்டும். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது; புறங்கையை வைத்துச் சூடு பாருங்கள். சர்க்கரைக்காரர்களுக்கு வலியே தெரியாமல் போகலாம், அதனால் கைக்கண்ணாடி வைத்து நுனியையும் பின்பக்கத்தையும் தினமும் பார்க்க வேண்டும். கொப்புளம் இருந்தால் உடைக்காதீர்கள், ஆறும்வரை கால் மாட்டாதீர்கள். காலையில் ஸ்டம்ப் உள்ளே நுழைய மறுத்தால் இரவில் கட்டு போடவில்லை என்று அர்த்தம்: 4 அங்குல எலாஸ்டிக் பேண்டேஜ், 8 போட்ட மாதிரி குறுக்காக, நுனியில் இறுக்கம், மேலே போகப்போகத் தளர்வு. வளையமாகச் சுற்றினால் அதுவே நுனியை வீங்க வைக்கும்.

சாக்கெட்டின் பின் விளிம்பு சைக்கிள் மிதிக்கும்போது முட்டி மடிப்பில் வெட்டினால், அடுப்பில் சூடாக்கி வளைக்கிற வேலை வேண்டாம். பட்டறையில் ஐந்து நிமிடத் தேய்ப்பு அது. அளவெடுக்கப் போகும்போது வழக்கமாகப் போடும் சாக்ஸையும், காலை, மதியம் எத்தனை பிளை என்று ஒரு வாரம் எழுதிய தாளையும் கொண்டுபோங்கள். டயாலிசிஸ் செய்பவர்கள் எந்தெந்தக் கிழமை என்பதையும் அதில் குறிக்க வேண்டும். நீர் எடுத்த அன்றைக்கு ஸ்டம்ப் ஒரு சுற்று இளைத்திருக்கும்.