சினாலஜி டிஎஸ்224 பிளஸ்: முதலில் உங்கள் டிவியைப் பாருங்கள்

வீட்டில் படம் பார்க்க எந்த நாஸ் (கோப்புகளைச் சேமித்து வீட்டு நெட்வொர்க்கில் எல்லாக் கருவிக்கும் தரும் பெட்டி) வாங்கலாம் என்று யாராவது கேட்டால், உங்கள் டிவி என்ன மாடல் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். பாதி விடை அங்கேதான் இருக்கிறது. வீடியோ கோப்பை டிவியே அப்படியே வாங்கி ஓட்டிவிட்டால், டிஸ்க்கிலிருந்து எடுத்து கேபிளில் அனுப்புவதைத் தவிர நாஸுக்கு வேறு வேலை கிடையாது. அதற்கு எந்தச் சின்னச் சிப்பும் போதும். டிவிக்குப் புரியாத வடிவமாக இருந்தால், படம் ஓடும்போதே மாற்றிக் கொடுக்க வேண்டும். டிரான்ஸ்கோடிங் என்கிற அந்த வேலை வரும்போதுதான் ஒரு நாஸுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

நான் வைத்திருப்பது சினாலஜியின் டிஎஸ்224 பிளஸ். 2023இல் வந்த மாடல், இரண்டு டிஸ்க் போடலாம். உள்ளே இருப்பது இன்டெல் செலரான் ஜே4125. பெட்டி கடைக்கு வரும்போதே பழசாகிவிட்ட சிப். இதைவிடச் சிறிய டிஎஸ்223 மாடலை விட்டுவிட்டு இதை எடுத்ததற்கு ஒரே காரணம், இந்தச் சிப்போடு வரும் கிராஃபிக்ஸ் பகுதி. 4கே படங்களில் அதிகம் வரும் எச்இவிசி 10 பிட் என்ற சுருக்க வடிவ வீடியோவை அது வன்பொருளிலேயே பிரித்துவிடும். ஏவி1 என்ற புதிய வடிவம் மட்டும் அதற்குத் தெரியாது.

எங்கள் வீட்டு டிவி எச்இவிசி கோப்புகளைத் தானே ஓட்டிக்கொள்ளும். அப்போது நாஸின் சிபியு பயன்பாட்டைப் பார்த்தால், ஏதாவது நடக்கிறதா என்றே சந்தேகம் வரும். சிக்கல் வருவது சப்டைட்டிலில். ப்ளூரே டிஸ்க்கிலிருந்து எடுத்த கோப்புகளில் பிஜிஎஸ் என்ற வகை சப்டைட்டில் இருக்கும். அது எழுத்து அல்ல, ஒவ்வொரு வரியும் ஒரு படம். பிளேயர் அதை ஏற்காவிட்டால், சர்வர் அந்த வரியை வீடியோவின் மேலேயே பதித்து முழுப் படத்தையும் மறுபடி என்கோட் செய்யும். அதுவரை ஓசைப்படாமல் ஓடிய 4கே படம், சப்டைட்டில் பட்டனை அழுத்தியதும் வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். பழியெல்லாம் நாஸ் மேல் விழும். அதே சப்டைட்டில் வெறும் எழுத்தாலான எஸ்ஆர்டி கோப்பாகப் பக்கத்தில் இருந்தால் பெரும்பாலும் இந்தத் தொல்லையே இல்லை. என் வீட்டில் இப்போது எல்லாப் படத்துக்கும் எஸ்ஆர்டிதான்.

ப்ளூரேக்களில் வரும் டிடிஎஸ் என்ற ஒலி வடிவமும் இப்படித்தான், பல டிவிகளுக்கு அது ஆகாது. ஆனால் ஒலியை மட்டும் மாற்றுவது லேசான வேலை. இந்தப் பெட்டி அலட்டிக்கொள்வதில்லை.

அடுத்து நெட்வொர்க். இதில் இருக்கும் இரண்டு லேன் போர்ட்டும் 1 கிகாபிட்தான், 2.5 கிடையாது என்று குறைப்படுபவர்கள் உண்டு. பெரிய கோப்புகளை அடிக்கடி ஏற்றி இறக்குபவருக்கு அது நியாயமான குறை. படம் பார்க்க மட்டும் என்றால் கவலையே வேண்டாம். 4கே ப்ளூரே டிஸ்க்கின் உச்ச வேகமே நொடிக்கு 128 மெகாபிட்தான். நெருக்கடி மறுமுனையில் இருக்கிறது: நிறைய டிவிகளின் லேன் போர்ட் இன்றும் 100 மெகாபிட். மழை கொட்டும் காட்சி, கூட்டம் தெறித்து ஓடும் காட்சி என்று வந்தால் 4கே ரீமக்ஸ் கோப்பு (டிஸ்க்கில் இருந்ததைச் சுருக்காமல் அப்படியே எடுத்தது) அந்த 100ஐத் தாண்டிக் குதிக்கும், டிவி திணறும். கேபிள்தான் வேகம் என்று நம்பியிருப்பவர், அதைக் கழற்றிவிட்டு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கட்டும். எங்கள் வீட்டில் வைஃபைதான் ஜெயித்தது.

மென்பொருள் விஷயத்தில், சினாலஜியின் சொந்தப் படம் பார்க்கும் செயலியான வீடியோ ஸ்டேஷனை நம்பி இதை வாங்க வேண்டாம். நாஸின் இயங்குதளமான டிஎஸ்எம்மின், 2024இல் வந்த 7.2.2 பதிப்போடு அதை நிறுத்திவிட்டார்கள். படங்களை டிவிக்கு அனுப்பும் மென்பொருள்களில் பிளெக்ஸ் போட்டால் வன்பொருள் டிரான்ஸ்கோடிங்குக்கு பிளெக்ஸ் பாஸ் சந்தா வேண்டும். அதே வேலையைச் செய்யும் ஜெல்லிஃபின் இலவசம், நான் அதைத்தான் கண்டெய்னரில் (மென்பொருளைத் தனியாகப் பூட்டி ஓட்டும் பொதி) ஓட்டுகிறேன். அமைக்கும்போது கிராஃபிக்ஸ் சிப்பைக் கண்டெய்னருக்குக் காட்டிக் கொடுக்கும் வரியைச் சேர்க்க மறந்தால், வேலை முழுவதும் சிபியு தலையில் விழும். கூடவே வரும் 2 ஜிபி ரேம் ஜெல்லிஃபினோடு இன்னும் ஒன்றிரண்டு கண்டெய்னர் சேர்ந்தாலே இறுக்கிப் பிடிக்கும். ஒரு ஸ்லாட் காலியாக இருக்கிறது, 4 ஜிபி சேர்த்து 6 ஆக்கலாம். அதைச் செய்துவிடுங்கள்.

பெட்டியில் டிஸ்க் வராது, தனியாக வாங்க வேண்டும். தடங்களை ஒன்றின் மேல் ஒன்று படிய எழுதும் எஸ்எம்ஆர் வகையைத் தவிர்த்து, தனித்தனியாக எழுதும் சிஎம்ஆர் கேட்டு வாங்குங்கள். பழுதான டிஸ்க்கை மாற்றி ரெய்டை (டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் அமைப்பு) மறுபடி கட்டும் நேரத்தில் எஸ்எம்ஆர் டிஸ்க் ஆமை வேகத்துக்குப் போய்விடும். அப்புறம் சத்தம். விசிறி அடங்கித்தான் சுற்றுகிறது, ஆனால் பெரிய டிஸ்க்குகள் கடகடக்கும். படத்தில் அமைதியான காட்சி வந்தால் நன்றாகவே கேட்கிறது. டிவிக்குக் கீழே வைக்காமல் ரவுட்டர் இருக்கும் அறைக்குத் தள்ளிவிட்டேன்.

டிவி எல்லாவற்றையும் தானே ஓட்டும், வேறு கருவி எதுவும் இல்லை என்பவருக்கு டிஎஸ்223 போதும். பழைய டேப்லெட், வெளியூரிலிருந்து போனில் பார்க்கும் பிள்ளைகள் என்று கலவையாக இருக்கும் வீட்டுக்கு டிஎஸ்224 பிளஸைத் தாராளமாகச் சொல்வேன். இரண்டு டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று நகலாக இருந்தாலும், தவறுதலாக அழித்த கோப்பு இரண்டிலும் சேர்ந்தேதான் அழியும். அதனால் குடும்பப் புகைப்படங்களுக்கு மட்டும் சினாலஜியின் ஹைப்பர் பேக்கப் செயலி மூலம் தனி யுஎஸ்பி டிஸ்க்கில் ஒரு நகல் போகிறது. படங்களுக்கு அந்த மரியாதை இல்லை; அவற்றின் ப்ளூரே டிஸ்க்குகள் பரணில் இருக்கின்றன.