சுங்கை சிப்புட்டில் மினி மில்லிங் மெஷின் பேக்லாஷைக் குறைத்துத் தரும் லேத்துப் பட்டறை

வீட்டில் சின்ன மில்லிங் மெஷின் (சுழலும் கட்டரால் உலோகத்தைச் செதுக்கும் மெஷின்) வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பட்டறையைத் தாராளமாகச் சொல்வேன். மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் டவுனைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்துக்குப் போகிற வழியில் தகரக் கொட்டகை. பெயர்ப்பலகை கிடையாது. பம்ப் ஷாஃப்ட், டிராக்டர் புஷ், ஆலையில் தேய்ந்துபோன சாமான் இதெல்லாம்தான் அங்கே அன்றாட வேலை. நம்மைப் போல் பொழுதுபோக்குக்கு மெஷின் வைத்திருப்பவன் போனால் விரட்டிவிடுவார்களோ என்று நினைக்க வேண்டாம், பட்டறைக்கார அண்ணன் ஆசையாகத்தான் கேட்டார்.

மெஷினில் கைப்பிடியோடு சுற்றும் ஒரு நீள ஸ்குரூவும், அதன் மரையில் ஓடும் நட்டும்தான் டேபிளை நகர்த்தும். என் மெஷினில் ஸ்குரூ ஒரு சுற்றுக்கு டேபிள் 2 மில்லிமீட்டர் நகரும். கைப்பிடியை எதிர்ப்பக்கம் திருப்பினால் கிட்டத்தட்ட 0.30 மில்லிமீட்டர் வரைக்கும் சும்மா சுற்றும், அப்புறம்தான் டேபிள் அசையும். இந்த ஆட்டத்தைத்தான் பேக்லாஷ் என்பார்கள். இதோடு ஸ்லாட் (நீளப் பள்ளம்) வெட்டினால் ஒரு பக்கச் சுவர் சரியாக வரும், மறுபக்கம் கட்டர் டேபிளைத் தன் பக்கம் வெடுக்கென்று இழுத்துக் கடித்துவிடும்.

"புது நட்டு செய்யணும்" என்று போனேன். அண்ணன் நட்டைக் கையிலேயே எடுக்கவில்லை. "தம்பி, முதல்ல ஸ்குரூ ஆடுதான்னு பார்த்தியா?" என்று கேட்டு, செய்யவேண்டியதைச் சொல்லி அனுப்பினார். டயல் கேஜை (மிகச் சின்ன அசைவையும் முள்ளால் காட்டும் கருவி) ஸ்குரூவைத் தாங்கும் பிராக்கெட்டில் பொருத்தி, அதன் தொடுமுனையை டேபிளில் வைக்காமல் ஸ்குரூவின் நுனியில் வைத்து, கைப்பிடியைத் தொடாமல் டேபிளை முன்னும் பின்னும் தள்ளிப் பார்க்க வேண்டும். முள் அசைந்தால் ஸ்குரூவே உள்ளே வெளியே போகிறது என்று அர்த்தம், அந்த ஆட்டத்துக்கும் நட்டுக்கும் சம்பந்தமில்லை. என் மெஷினில் மொத்த ஆட்டத்தில் ஏறக்குறைய பாதி இங்கேதான் இருந்தது! தேய்ந்த வாஷரை எடுத்துவிட்டு 51100 திரஸ்ட் பேரிங் (ஸ்குரூ நீளவாக்கில் தள்ளுவதைத் தாங்கும் பேரிங்) போட இடம் கடைந்து கொடுத்தார். புது நட்டு விற்றுக் காசு பார்த்திருக்கலாம், செய்யவில்லை. இந்தப் பட்டறையை நான் நம்புவதற்கு அதுவே போதும்.

மீதி ஆட்டத்துக்குப் பழைய நட்டையே திருத்தினார். நட்டைக் குறுக்கே முக்கால்வாசி ஆழத்துக்கு அறுத்து, இரண்டாகப் பிரியாமல் விட்டு, அந்த வெட்டைத் தாண்டி ஓர் ஆலன் ஸ்குரூ போட்டார். அதை முறுக்கும்போது நட்டின் இரண்டு பகுதியும் நெருங்கி, ஒன்று மரையின் முன்பக்கச் சரிவிலும் இன்னொன்று பின்பக்கச் சரிவிலும் போய் உட்காரும். திரும்பத் தேய்ந்தால் வீட்டிலேயே கால் திருகு முறுக்கிக்கொள்ளலாம்.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும், ஸ்பிரிங் தள்ளி ஆட்டத்தை எடுக்கும் ஸ்பிரிங் நட்டு எதற்கு ஆகாது என்றும் விளக்கினார். கம்ப்யூட்டர் ஓட்டும் சின்ன சிஎன்சி ரூட்டரில் வரும் டி8 ஸ்குரூவுக்கு (8 மில்லிமீட்டர் தடிமன்) அது சரி, மரமும் பிளாஸ்டிக்கும்தானே வெட்டுகிறோம். இரும்பில் கட்டர் இழுக்கும் விசை ஸ்பிரிங்கின் பலத்தைத் தாண்டிய அந்த நொடியே ஸ்பிரிங் அமுங்கிவிடும், ஆட்டம் திரும்ப வந்துவிடும். நட்டுக்குள் இரும்புக் குண்டுகள் உருளும் பால் ஸ்குரூ போடலாமா என்றும் கேட்டேன். மோட்டார் இருந்தால் அருமை, கைப்பிடி மெஷினில் உராய்வு கம்மி என்பதால் கையை எடுத்தால் டேபிள் தானாக நகரும், லாக் போடாமல் வெட்டவே முடியாது என்றார்.

இப்போது ஆட்டம் 0.05க்குப் பக்கத்தில் நிற்கிறது. இன்னும் இறுக்கக் கூடாதா என்று கேட்டால், கூடாது. நாம் எப்போதும் டேபிளின் நடுப்பகுதியில்தான் வேலை செய்கிறோம், அதனால் ஸ்குரூவும் நடுவில்தான் தேய்ந்திருக்கும். நடுவில் பூஜ்யம் ஆக்கினால் இரண்டு ஓரத்திலும் சிக்கிக்கொள்ளும். தேயாத ஓரத்தில் வைத்துத்தான் அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். ஆட்டம் குறைந்துவிட்டது என்று கட்டர் சுற்றும் திசையிலேயே ஆழமாக வெட்டப் போவதும் வேண்டாம், மெல்லிய ஃபினிஷ் வெட்டுக்கு மட்டும் சரி.

குறை சொல்வதென்றால், ஆலை ரிப்பேர் சாமான் வந்துவிட்டால் நம் வேலை பின்னால் போய்விடும், எப்போது கிடைக்கும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டார். அறுத்த இடத்தில் பிசிர் சரியாக எடுக்கவில்லை. பித்தளைத் துகள் மரைக்குள் இருந்தது, மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய் போட்டுத்தான் மாட்டினேன். பேரிங்கைச் சேர்த்து 100 மலேசிய வெள்ளிக்குள் முடிந்தது, அந்த வேலைக்கு இது மலிவு. ஈப்போவில் கேட்ட ஒரு பட்டறையில் புது நட்டுக்கு மட்டும் இதற்கு மேல் சொன்னார்கள், அளவு எடுக்கக்கூட ஸ்குரூவைக் கேட்கவில்லை.

போகிறவர்கள் ஸ்குரூ, நட்டு, பேரிங் பக்கத்துப் பிராக்கெட் மூன்றையும் சேர்த்தே கொண்டுபோங்கள். நட்டை மட்டும் நீட்டினால் அண்ணன் வேலையை எடுக்க மாட்டார்.