மூடி மூடாதபோதே விளங்கியிருக்க வேண்டும்: வெள்ளி நாணயத்தில் நாங்கள் ஏமாந்த கதை

இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. காசுப் பொறுப்பு முழுவதும் என் கையில் இருந்தது. ஆனால் போன கிழமை மட்டக்களப்பிலிருந்து ஒரு கோயில் சபைக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டு, "உங்கட நாணயத்தை அடிச்சுத் தந்தவரின்ர நம்பர் தாறீங்களா தம்பி, நாங்களும் திருப்பணிக்குச் செய்யலாம் எண்டு பாக்கிறம்" என்று கேட்டார். அதற்குப் பிறகும் வாயை மூடிக்கொண்டிருப்பது சரியில்லை.

திருகோணமலையில் (நாங்கள் திருமலை என்போம்) எங்கள் பகுதி வாசிகசாலைக்குக் கூரை மாற்ற வேண்டியிருந்தது. ஊரில் இருப்பவர்களும், கனடா, லண்டன், சுவிஸ் என்று போனவர்களுமாக எங்களுக்கு ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. சும்மா காசு கேட்டால் எப்போதும் தருகிற அதே பத்துப் பேர்தான் தருவார்கள். கையில் வைத்துக்கொள்ள ஏதாவது கொடுத்தால் மற்றவர்களும் சேருவார்கள் என்று ஒருவர் சொல்ல, வெள்ளி நாணயம் என்று முடிவானது. 34 மில்லிமீற்றர் விட்டம், 20 கிராம், 999 தூய்மை, அதாவது ஆயிரத்தில் 999 பங்கு வெள்ளி. ஒரு பக்கத்தில் கோட்டை வாசல் கல்லில் செதுக்கியிருக்கும் இணைக்கயல், மறுபக்கத்தில் வாசிகசாலையின் பெயரும் ஆண்டும். கோணேசர் கோயிலை இடித்த கற்களைக் கொண்டு 1624இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை அது. அந்த இரண்டு மீன்களையும் பார்த்துக்கொண்டு பள்ளிக்கூடக் காலத்தில் உள்ளே போய் வந்தவர்கள்தான் எங்கள் குழுவில் பாதிப் பேர். படத்தைப் போட்ட அன்றே 40 ஓடர் வந்தது.

விளம்பரத்தை நான்தான் எழுதினேன். யாழ்ப்பாண அரசர்கள் 'சேது' என்று தமிழில் பொறித்து நாணயம் அடித்த மரபு நம்முடையது என்றெல்லாம் எழுதியிருந்தேன். இப்போது அதை வாசித்தால் காது சுடுகிறது.

நாணயம் என்று பேச்சுக்குத்தான் சொல்கிறேன். இலங்கையில் நாணயம் வெளியிடும் உரிமை மத்திய வங்கிக்கு மட்டுமே உண்டு. நாங்கள் அடித்தது பதக்கம். '100 ரூபா' என்று பொறித்தால் வடிவாக இருக்கும் என்று ஒருவர் நின்றார், நான் மறுத்துவிட்டேன். இந்த விவகாரம் முழுவதிலும் எனக்குப் புத்தி வேலை செய்த ஒரே இடம் அதுதான்.

மூன்று இடங்களில் விலை கேட்டோம். இரண்டு பேர் ஒன்றுக்கு 10,000 ரூபாவுக்கு மேல் சொன்னார்கள். மூன்றாமவர் கொழும்பில் இருக்கும் ஒரு முகவர். பட்டறை வேறு இடத்தில், தான் ஓடர் எடுத்துக் கொடுப்பவர் என்றார். 150 நாணயம் அடித்தால் ஒன்று 7,900, அச்சுக்குத் தனியாக 85,000. "கனக்க அடிக்கிறபடியால்தான் இந்த விலை, வாசிகசாலை எண்டபடியால் நானும் லாபம் பாக்கேல்ல" என்றார். எங்களுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. 20 கிராம் வெள்ளியை வாங்கி, வட்டமாக வெட்டி, அச்சில் அடித்து, மெருகு போட்டு, திருமலை வரை அனுப்பி இந்த விலைக்கு எப்படிக் கட்டும் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. உலகச் சந்தையில் வெள்ளி விலையை அவுன்சுக்குச் சொல்வார்கள். அந்த அவுன்ஸ் 31.1 கிராம், சமையற்கட்டு அவுன்ஸ் இல்லை. விலையை 31.1ஆல் வகுத்து 20ஆல் பெருக்கினால் வெறும் வெள்ளிக்கு என்ன போகும் என்று தெரிந்துவிடும். ஐந்து நிமிட வேலை.

மாதிரி நாணயம் ஒன்று கூரியரில் வந்தது. டவுனில் எங்களுக்குப் பழக்கமான நகைப் பத்தரிடம் கொண்டுபோனேன். உரைகல்லில் உரைத்து, அமிலம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, "நல்ல வெள்ளி தம்பி, பயப்பிடாதைங்கோ" என்றார். அதை வீடியோ எடுத்துக் குழுவில் போட்டேன். எல்லாரும் கைதட்டிப் படம் போட்டார்கள். அச்சுக் காசோடு சேர்த்து மொத்தம் 12,70,000 ரூபா. அதில் பாதியை அன்றைக்கே அனுப்பினேன். கணக்கு ஒரு தனியாளின் பெயரில் இருந்தது. கொம்பனிக் கணக்கை இப்போது மாற்றிக்கொண்டிருக்கிறோம் என்றார். சரி என்றேன்.

ஏழு கிழமை கழித்துப் பெட்டி வந்தது. வாசிகசாலை மேசையில் நாலு பேர் இருந்து ஒவ்வொன்றாக நிறுத்தோம். 20.0, 20.1, 19.9. நிறை அச்சுப் பிசகாமல் இருந்தது. முகவர் வீடியோ அழைப்பில் வந்து, காந்தத்தை எடுத்து ஒரு நாணயத்தில் வைத்துக் காட்டி, "பாருங்கோ, ஒட்டேல்ல" என்றார். நாங்களும் எங்களிடம் இருந்த காந்தத்தை வைத்துப் பார்த்தோம். ஒட்டவில்லை. செம்பிலும் காந்தம் ஒட்டாது, பித்தளையிலும் ஒட்டாது என்பது எட்டாம் வகுப்புப் பாடம். அந்த நேரம் அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அப்புறம்தான் உறைப் பிரச்சினை. மாதிரி நாணயத்தின் அளவுக்கு 150 பிளாஸ்டிக் உறைகள், மூடி போட்ட சின்னச் சிமிழ் போன்றவை, முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தோம். உள்ளே நாணயத்தை வைத்து மூடினால் மூடி நிற்கவில்லை. விரலை எடுத்ததும் டக்கென்று எழும்பிவிடுகிறது. ஒன்றில் அல்ல, எல்லாவற்றிலும். அட்டை ஒட்டிக்கொண்டிருந்த பிள்ளை, அவளுக்குப் பதினேழு வயது இருக்கும், "அண்ணா, சாம்பிளை விட இது தடிப்பா இருக்கு" என்றாள். முகவரைக் கேட்டோம். "சாம்பிளில மீன் தெளிவில்லை எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள், அதான் உருவத்தை உயர்த்தி அடிச்சிருக்கு" என்றார். நாங்கள் அப்படிச் சொன்னது உண்மை. ஆழமான உறை தன்னிடம் இருக்கிறது, ஒன்று 150 ரூபா என்றார். அதையும் வாங்கினோம். ஒரே ஆளே பொய்ச் சரக்கையும் விற்று, அதைப் போட்டு மூட உறையையும் விற்றார். மிச்சக் காசு அன்று மாலையே போனது.

அனுப்பும் வேலை தனிக் கூத்து. வெள்ளியோ நாணயமோ சாதாரணக் கடிதமாகத் தபாலில் போகக்கூடாது, அது உலகத் தபால் ஒன்றியத்தின் விதி. பதிவுத் தபாலில் ஒவ்வொன்றாக, சுங்கப் படிவம் எழுதி அனுப்பினோம். 'அன்பளிப்பு' என்று எழுதி அனுப்புங்கள், வரி வராது என்று லண்டன்காரர் சிலர் சொன்னார்கள். அங்கே 39 பவுண் வரையான அன்பளிப்புக்கு வரி இல்லை என்பது சரி. ஆனால் காசு கொடுத்து வாங்கியது அன்பளிப்பு ஆகாது. எனவே உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன் பேர்வழி என்று, வெள்ளிப் பதக்கம், விலை இவ்வளவு என்று நேர்மையாக எழுதினேன். மூன்று பேர் வரி கட்டித்தான் எடுத்தார்கள். வெள்ளி இல்லாத பொருளுக்கு வெள்ளி விலையில் வரி. அவர்களிடம் மன்னிப்புக் கேட்கும்போதுதான் எனக்கு நாக்குத் தடுமாறியது.

வெளிநாட்டுக்கு 64 போய்விட்டது. உள்ளூரில் 29 கொடுத்தாயிற்று. அப்போதுதான் உவர்மலையில் இருக்கும் எங்கள் பெரியம்மா தன் நாணயத்தைப் பேரனுக்குச் சங்கிலியில் கோத்துப் போட ஒரு வளையம் ஒட்டித் தரும்படி பத்தரிடம் கொடுத்தா. அதே பத்தர். ஊதுகுழாய்ச் சூடு பட்டதும் நாணயம் கறுத்துவிட்டது. 999 வெள்ளி அப்படிக் கறுக்காது. அவர் என்னைக் கூப்பிட்டார்.

நான் போனபோது அரத்தால் விளிம்பை ஆழமாக ராவிக்கொண்டிருந்தார். மேலே வெள்ளை, உள்ளே லேசாக மஞ்சள் கலந்த சாம்பல் நிறம். ராவிய இடத்தில் அமிலம் விட்டார். வெள்ளியென்றால் பால் போல வெளிறும். இது பச்சையாக நுரைத்தது. "ஜெர்மன் சில்வர் தம்பி. மேல வெள்ளி முலாம் நல்லாப் போட்டிருக்கிறான்" என்றார். பெயரில் சில்வர் இருக்கிறதே தவிர அதில் மருந்துக்கும் வெள்ளி இல்லை. செம்பு, நிக்கல், துத்தநாகம். பிறகு கேட்டார்: "பெட்டி வந்த அண்டைக்கு இதில ஒண்டைக் கொண்டு வந்து காட்டியிருக்கலாமே?" என்னிடம் பதில் இல்லை. மாதிரியைக் காட்டினேன், சரக்கைக் காட்டவில்லை. மாதிரி நல்லது என்றால் வருகிறதும் நல்லதாக இருக்கும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். பத்தருக்கு என்னைத் தெரிந்த அளவுக்கு இப்படியான முகவர்மாரையும் தெரிந்திருக்கிறது போல.

அன்றிரவு வீட்டில் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நாணயத்தைச் சுரண்டாமல், யாரையும் நம்பாமல் நீங்களே செய்யலாம். நகைக்கடைச் சின்னத் தராசு, 0.01 கிராம் காட்டுவது, ஒன்று வேண்டும். நாணயத்தை முதலில் நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு தராசில் ஒரு கோப்பைத் தண்ணீரை வைத்துச் சுழியத்துக்குக் கொண்டு வாருங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுவதும் அமிழ விடுங்கள், அடியிலோ பக்கத்திலோ படக்கூடாது. நூலைக் கையில் பிடித்திருக்கும்போது தராசு காட்டுவது, நாணயம் ஒதுக்கிய தண்ணீரின் நிறை. நாணயத்தின் நிறையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி வரும். வெள்ளிக்கு 10.49. மாதிரி நாணயத்துக்கு 1.91 காட்டியது, 20ஐ வகுத்தால் 10.47. பெட்டியில் வந்தவற்றில் எடுத்த ஆறும் 2.29க்கும் 2.31க்கும் இடையில் நின்றன. 8.7. அமிலம் வேண்டாம், பத்தர் வேண்டாம்.

மூடி ஏன் மூடவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. விட்டம் அதே 34, நிறை அதே 20. உலோகம் வெள்ளியை விடப் பாரம் குறைந்தது, ஆகவே நிறையைக் கொண்டுவரத் தடிப்பாக்காமல் வழியில்லை. தடிப்பு அளக்கும் வேர்னியர் வைத்து விளிம்பை அளந்தேன். மாதிரி 2.4 மில்லிமீற்றர், சரக்கு 2.9. மீனை உயர்த்தி அடித்தால் விளிம்பு எதற்குத் தடிக்க வேண்டும்? பதினேழு வயதுப் பிள்ளை கண்ணால் கண்டதை நாலு பெரிய மனிதர் கேட்கவில்லை.

முகவரிடம் கேட்டபோது முதலில் பட்டறைக்காரர் பிழை விட்டிருப்பார் என்றார். இரண்டாம் முறை, இன்வொய்சை எடுத்து வடிவாக வாசித்துப் பாருங்கோ என்றார். வாசித்தேன். விலை கேட்ட நேரம் அனுப்பிய தாளில் '999 சில்வர்' என்று இருந்தது. இறுதி இன்வொய்சில் 'சில்வர் ஃபினிஷ் மெடல், 34 மிமீ, 20 கிராம்' என்று இருந்தது. ஃபினிஷ். அந்த ஒரு சொல்லுக்குப் பக்கத்தில்தான் நான் கையொப்பம் வைத்திருக்கிறேன். மூன்றாம் முறை எடுத்தபோது நம்பர் வேலை செய்யவில்லை.

பொலிசில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கும் எழுதியிருக்கிறோம். அவர்களுடைய உடனடி இலக்கம் 1977. விலைத்தாள், இன்வொய்ஸ், குரல் பதிவு, வங்கிச் சீட்டு எல்லாவற்றையும் வைத்திருந்தது மட்டும் உதவுகிறது. வட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள்.

இப்போது ஒருவர் என்னைக் கேட்டால், பெட்டி திறந்த அன்றே கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நாணயத்தை எடுத்து, ஒன்றைத் தண்ணீரில் போடச் சொல்வேன், மற்றதை நடுவில் வெட்டச் சொல்வேன். 7,900 ரூபா நட்டம்தான், போகட்டும். மேலோட்டமாக உரைத்தால் முலாம்தான் உரைபடும். எக்ஸ்ரே கருவியில் வைத்துப் பார்க்கிற சோதனையும் பெரும்பாலும் மேற்பரப்பைத்தான் படிக்கும். கொழும்பில் தேசிய மாணிக்கக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையில் பரிசோதித்துச் சான்று எடுக்கலாம், பெரிய ஓடர் என்றால் அந்தச் செலவைப் பாராதீர்கள். அது வரும்வரை மிச்சக் காசில் ஒரு சதமும் போகக்கூடாது. உடன்படிக்கையில் தூய்மை, நிறை, விட்டத்தோடு தடிப்பையும் எழுதுங்கள். நிறையைப் பொய்யாக்குவது லேசு, நிறையும் விட்டமும் தடிப்பும் மூன்றும் சேர்ந்து பொருந்தும்படி பொய்யாக்குவது கஷ்டம்.

வாங்கிய 93 பேருக்கும் எழுதினோம். காசு திருப்பிக் கேட்டவர்களுக்குத் தவணையாகக் கொடுக்கிறோம், என் பங்கும் அதில் இருக்கிறது. 51 பேர் வேண்டாம் என்றார்கள். பெரியம்மா நாணயத்தைத் திருப்பித் தரவும் இல்லை, காசும் கேட்கவில்லை. கறுத்தபடியே சாமித்தட்டில் வைத்திருக்கிறா. மிச்சம் வாசிகசாலையில் ஒரு பிஸ்கட் டின்னில் கிடக்கிறது. கூரை இன்னும் ஒழுகுகிறது.

இன்னொன்று. அச்சுக்கு 85,000 கொடுத்தோமே தவிர அச்சு எங்களுடையது என்று எங்கேயும் எழுதவில்லை. அது இன்னும் அந்த ஆளிடம்தான் இருக்கிறது. ஆகவே அந்த இரண்டு மீன்களும் வேறு யாருடைய கைக்கும் 'திருமலை வெள்ளி நாணயம்' என்று வரலாம். மாதிரியில் இல்லாத ஒரு அடையாளம் சரக்கில் எல்லாவற்றிலும் இருக்கிறது: கீழ் மீனின் வாலில் மயிரிழை போல ஒரு மேடு. வெள்ளியை விடக் கடினமான உலோகத்தை அடித்ததில் அச்சு வெடித்திருக்கும் என்கிறார் பத்தர். யாராவது விற்க வந்தால் முதலில் வாலைப் பாருங்கள், பிறகு ஒரு கோப்பைத் தண்ணீர் கேளுங்கள்.