தப்பின் ஒலியை அளக்க எது ஏற்றது: கசெட்டா, ரீலா, டிஜிட்டலா?

இலங்கையின் மலையகத்தில் காமன் கூத்துக் காலத்தில் தப்பு என்னும் தோல் மேளத்தைத் தீயில் காய்ச்சாமல் அடிப்பதில்லை. பனியில் தோல் தொய்ந்துவிடும். அனலில் வாட்டினால் விறைத்து ஒலி மேலேறும். காய்ச்சியபின் எந்த மேற்றொனிகள் (அடித்தொனிக்கு மேலே எழும் தொனிகள்) வலுக்கின்றன என்று நிறமாலை எடுத்துப் பார்க்கும் ஆசையில்தான் ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பதிவு செய்யத் தொடங்கினேன்.

முதல் பதிவு பாழ். கையடக்கக் கசெட் ரெகார்டரின் தானியங்கி ஒலிமட்டக் கட்டுப்பாடு ஒவ்வோர் அடியையும் அமுக்கி, பிறகு மெல்ல உயர்த்தியிருந்தது. காதுக்குக் குறை தெரியவில்லை. வரைபடத்திலோ அதிர்வு இயல்பைவிட நெடுநேரம் நீடித்தது.

அன்றிலிருந்து நான் எடைபோடும் கல் இதுதான்: கருவியின் மீடிறன் வளைவு (ஒவ்வோர் அதிர்வெண்ணையும் அது எவ்வளவு வலுவாகப் பதிகிறது என்று காட்டும் கோடு) சற்றுக் கோணலாக இருந்தால், அதை அளந்து கணினியில் ஈடுசெய்யலாம். ஒலியின் வலிமைக்கேற்ப உருமாறும் வளைவுக்கு மருந்தே கிடையாது.

கசெட் இந்தக் கல்லில் மோசமாகத் தேறுகிறது. 1963இல் பிலிப்ஸ் அறிமுகப்படுத்திய இந்த நாடா செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர்தான் நகர்கிறது. 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் நாடாவில் வெறும் 4.76 மைக்ரோமீற்றர். நாடாவில் பதிந்து வாசிக்கும் காந்தமுனையான ஹெட்டுக்கும் நாடாவுக்கும் இடையில் ஒரு மைக்ரோமீற்றர் அழுக்குப் படிந்தாலே அந்த மீடிறனில் 11 டெசிபெலுக்கு மேல் பறிபோகும். நுவரெலியாவின் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்த கசெட்டுகளைக் கையாண்டவர்களுக்கு இதன் பொருள் புரியும். ஹெட்டின் சாய்வு மயிரிழை பிசகினாலும் உச்சமீடிறன்கள் மங்கும். போதாக்குறைக்கு, உரத்த ஒலியில் நாடாவின் காந்தம் நிரம்பிவிடுவதால் மேல்மீடிறன்கள் நசுங்குகின்றன. ஆகவே கசெட்டைச் சோதிக்கும் தொனிகளை வழக்கமான மட்டத்திலிருந்து 20 டெசிபெல் தாழ்த்தியே பதிய வேண்டும். உண்மையான தப்படி அவ்வளவு அடக்கமாக இருக்காது. நாடா இரைச்சலைக் குறைக்கும் டொல்பியும் ஒலிமட்டத்தைப் பொறுத்தே வேலை செய்கிறது. அளவீட்டுக்கான புதிய பதிவில் அதை அணைத்துவிடுவதே நல்லது.

ரீல் கருவி வேறு சாதி. செக்கனுக்கு 19 சென்ரிமீற்றர் வேகத்தில் அதே ஒரு மைக்ரோமீற்றர் அழுக்கு ஏறத்தாழ 3 டெசிபெலைத்தான் தின்னும். மூன்று ஹெட் உள்ள கருவியானால் பதியும்போதே திரும்ப வரும் தொனியை அளந்து, பயஸை, அதாவது பதியும்போது ஒலியோடு சேர்க்கும் உயர்மீடிறன் மின்னோட்டத்தை, திருத்தலாம். பயஸ் கூடினால் மேல்மீடிறன் குறையும். குறைந்தால் மேல்மீடிறன் தூக்கலாகி ஒலி சிதையும்.

பலர் 38 சென்ரிமீற்றர் வேகத்தையே பரிந்துரைப்பார்கள். மேளத்துக்கு நான் ஒப்பமாட்டேன். அடிமீடிறன்களின் அலைநீளம் ஹெட்டின் முகப்பளவை நெருங்கும் இடத்தில் வளைவில் ஒரு திமில் எழும். வேகத்தை இரட்டித்தால் அத்திமிலும் இருமடங்கு மீடிறனுக்கு ஏறி, அளக்க வேண்டிய பகுதிக்கு அருகில் வந்துவிடும். 19 போதும். இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். அமெரிக்கக் கருவிகளில் என்ஏபி, ஐரோப்பியக் கருவிகளில் ஐஈசி எனச் சமன்செய்கை முறைகள் (பதியும்போதும் வாசிக்கும்போதும் மீடிறன்களை ஏற்றி இறக்கும் விதிகள்) வேறுபடும். பதிந்த முறையிலேயே வாசிக்காவிட்டால் வளைவு கெடும். 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கென்று செய்த ஒத்தியங்கு மோட்டார், நமது 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும்.

20 ஹெர்ட்ஸுக்குக் கீழே, சரிவுகளின் நில அதிர்வு போன்றவற்றுக்கு, நேரடி நாடாப்பதிவு உதவாது. காந்தப்பாயம் மாறும் வேகத்துக்கேற்பவே ஹெட் மின்னழுத்தம் தருவதால், மிகத் தாழ்ந்த மீடிறனில் வெளியீடு ஏதுமின்றிப் போகும். அதற்கென்றே மீடிறன் பண்பேற்ற (எஃப்எம்) நாடாக்கருவிகள் இருந்தன.

டிஜிட்டல் ரெகார்டர், 48 கிலோஹெர்ட்ஸ் மாதிரியெடுப்பில், கேட்கக்கூடிய எல்லை முழுவதும் ஏறக்குறைய நேர்கோடுதான். புதிய பதிவுக்கு வேறு எதையும் நாடத் தேவையில்லை. குற்றவாளி இப்போது மைக். ஒருதிசை மைக்கைத் தப்புக்கு அருகே பிடித்தால் அடியொலி பெருகும். எல்லாத் திசையிலிருந்தும் வாங்கும் மைக்கில் அந்தக் கோளாறு இல்லை. தானியங்கி மட்டம், அடியொலி வெட்டி இரண்டையும் அணைத்து, சுருக்காத கோப்பாகச் சேமிக்க வேண்டும். கைத்தொலைபேசியை இதற்கு நம்பவே வேண்டாம்: இரைச்சலை நீக்குகிறேன் என்று அது தப்பின் வாலையே அறுத்துவிடும்.

தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளின் பெட்டிகளில் கிடக்கும் பழைய கசெட்டுகளுக்கு மட்டும் தெரிவு நம் கையில் இல்லை. சில பதிவுகளில் அடித்தவர் இன்று உயிரோடு இல்லை. அவற்றைத் துடைத்த ஹெட்டில், சாய்வை அந்தந்தக் கசெட்டுக்கேற்பத் திருத்தி, 120 அல்லது 70 மைக்ரோசெக்கன் சமன்செய்கையைச் சரியாகத் தேர்ந்து, ஒரே தடவையில் டிஜிட்டலாக்கிவிடுங்கள். ஒலி தெளிவாகட்டும் என்று ட்ரெபிள் குமிழைத் திருகாதீர்கள். எவ்வளவு திருகினீர்கள் என்பது கோப்பில் பதிவாகாது.