விரல் சாக்ஸும் மைக்ரோபோர் டேப்பும்: சென்னை ஈரத்தில் எது கைகொடுக்கிறது?

நீண்ட தூரம் ஓடும்போது விரல் இடுக்கில் கொப்புளம் வருகிறவரா நீங்கள்? ஐந்து விரல் சாக்ஸ் வாங்கிவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம். குதிகாலிலோ முன்பாதத்திலோதான் வருகிறதென்றால் அந்தப் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் மைக்ரோபோர் என்கிற காகித டேப் ரோல் ஒன்று வாங்குங்கள். எனக்கு இரண்டு இடத்திலும் வரும். அதனால் இரண்டும் வீட்டில் இருக்கிறது. இரண்டைப் பற்றியும் எழுதுகிறேன்.

முதலில் என் காலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் சாக்ஸ் விமர்சனம் என்பது பாதி கால் விமர்சனம்தான். வயது ஐம்பதை நெருங்குகிறது. வங்கியில் கவுண்ட்டர் வேலை. வீடு திருவான்மியூரில். அகலமான பாதம், கட்டைவிரலை விட இரண்டாவது விரல் நீளம், சுண்டுவிரல் நாலாவது விரலுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொள்ளும். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம் பெரும்பாலும் அடையாறு, திரு.வி.க. பாலம், சாந்தோம் வழியாக மெரினா போய் நேப்பியர் பாலத்தில் திரும்புவது. ஜனவரியில் சென்னை மாரத்தான் நெருங்கும்போது தூரம் கூடும், அப்போது ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் போவோம்.

இந்த ஊரில் ஓடுகிறவர்களுக்குத் தெரியும், விடியற்காலை நாலரை மணிக்கே காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். வியர்வை காயாது, வழியும். கழுத்தில் தொடங்கி முதுகு, இடுப்பு, லெக்கிங்ஸ் என்று இறங்கி கடைசியில் ஷூவுக்குள் போய்ச் சேரும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டியதும் ஒவ்வொரு அடிக்கும் ஷூ சளக் சளக் என்னும். போதாததற்குத் தண்ணீர் கொடுக்கிற இடத்தில் எல்லாரும் ஒரு கப் குடித்துவிட்டு ஒரு கப்பைத் தலையில் ஊற்றிக்கொள்வார்கள். தலைக்கு இதம்தான். அந்தத் தண்ணீரும் சாக்ஸுக்குத்தான் வருகிறது. ஊற்றியே ஆகவேண்டும் என்றால் குனிந்து, தலையை முன்னால் நீட்டி, பிடரியில் ஊற்றுங்கள். தண்ணீர் தரையில் விழும், கால் தப்பிக்கும்.

ஈரம் ஏன் இவ்வளவு முக்கியம்? கொப்புளம் என்றதும் ஏதோ தோல் தேய்ந்து வருகிறது என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். இடது கையின் புறங்கையில் வலது ஆள்காட்டி விரலை அழுத்தி வைத்து, விரல் வழுக்காமல், முன்னும் பின்னும் அசையுங்கள். மேல்தோல் விரலோடு ஒட்டிக்கொண்டே போகும், அடியில் எலும்பு அதே இடத்தில் இருக்கும், நடுவில் உள்ள தோல் இழுபடும். ஷூவுக்குள் நடப்பது இதன் தலைகீழ். தோல் சாக்ஸோடு ஒட்டி நின்றுவிடும், எலும்பு ஒவ்வொரு அடிக்கும் நகரும். ஐந்து மணி நேரத்தில் மாரத்தான் முடிக்கிறவருக்கு ஒரு காலுக்கு 20,000 அடிக்கு மேல். அத்தனை முறை இழுபட்டதில் மேல்தோலின் உள்ளடுக்கு ஒன்று கிழிந்து, அந்த இடைவெளியில் நீர் கோத்துக்கொள்கிறது. ஈரத் தோல் உலர்ந்த தோலை விட அதிகமாக ஒட்டும், ஊறிப்போனால் பலமும் குறையும். அதனால்தான் ஏசி ஜிம்மில் டிரெட்மில்லில் ஒன்றும் செய்யாத அதே ஷூ, சாந்தோம் தாண்டுவதற்குள் வேலையைக் காட்டிவிடுகிறது.

இனி சாக்ஸ். கம்பெனிக்குக் கம்பெனி துணி கொஞ்சம் மாறும், அமைப்பு ஒன்றுதான். கைக்கு கிளவுஸ் போல ஒவ்வொரு விரலுக்கும் தனி உறை. பாலியெஸ்டரும் நைலானும் கலந்த மெல்லிய துணி, கொஞ்சம் லைக்ரா. காட்டன் இல்லாததைப் பார்த்து வாங்குங்கள். காட்டன் உடம்புக்கு நல்லது என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். சட்டைக்கும் புடவைக்கும் அது சரி. ஓடுகிற காலுக்கு காட்டன் ஆகாது, குடித்த வியர்வையை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். 1990-ல் அமெரிக்காவில் நீண்ட தூர ஓட்டக்காரர்களுக்கு காட்டன் சாக்ஸும் அக்ரிலிக் சாக்ஸும் கொடுத்துப் பார்த்தபோது, காட்டனில் கொப்புளங்கள் அதிகமாகவும் பெரிதாகவும் வந்தன.

விரல் உறை செய்கிற வேலை எளிது. தோலும் தோலும் நேராக ஒட்டாமல் நடுவில் இரண்டு அடுக்குத் துணி வந்துவிடுகிறது. நாலாவது விரல் நகம் சுண்டுவிரலைக் குத்துகிற இடத்தில் எனக்கு எப்போதும் மொச்சைக்கொட்டை அளவு கொப்புளம் எழும். விரல் சாக்ஸ் போட ஆரம்பித்ததிலிருந்து அந்த இடம் சுத்தமாக இருக்கிறது. முப்பது கிலோமீட்டர் முடித்துக் கழற்றிப் பார்த்தாலும் தோல் வெளுத்து ஊறியிருக்குமே தவிர, கொப்புளம் இல்லை. இன்னொரு நன்மையும் கிடைத்தது. மழைக்காலத்தில் விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண் எனக்குக் குறைந்திருக்கிறது.

போடுவதற்குத்தான் பொறுமை வேண்டும். கால் எலும்புவரை காய்ந்திருக்க வேண்டும் என்று சொல்லலாம், அவ்வளவு கறார். குளித்துவிட்டு உடனே போட முயன்றால் சுண்டுவிரல் உள்ளேயே போகாது, இரண்டு விரல் ஒரே உறைக்குள் போய் நிற்கும். சாக்ஸைக் குதிகால்வரை சுருட்டி, விரல் நுனிகளை மட்டும் திறந்து வைத்து, கட்டைவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாக நுழைத்து, ஐந்தும் அடி முட்டியதும் மேலே இழுங்கள். பிறகு ஒவ்வொரு விரல் நுனியையும் லேசாகப் பிடித்து இழுத்துவிட வேண்டும், இடுக்கில் துணி குவிந்திருக்கக் கூடாது. குவிந்திருந்தால் அந்தச் சுருக்கமே கொப்புளம் போடும். சாதாரண சாக்ஸை விட நாலைந்து நிமிடம் கூடுதலாகும் என்று கணக்கு வைத்து அலாரம் வையுங்கள்.

வாங்குமுன் ஷூவைப் பாருங்கள். இதை விற்கிறவர்கள் அழுத்திச் சொல்வதில்லை, எனக்கு அது குறைதான். விரல்களுக்கு நடுவில் துணி வருவதால் பாதம் அகலமாகிறது. சாதாரண சாக்ஸோடு கச்சிதமாக இருந்த ஷூ இதோடு இறுக்கும். இறுக்கினால் சுண்டுவிரலின் வெளிப்பக்கம் புதிதாக ஒரு கொப்புளம் வரும், பழி சாக்ஸ் மேல் விழும். முன்பக்கம் அகலமான ஷூ, நீளமான விரலுக்கு முன்னால் கையின் கட்டைவிரல் அகலத்துக்கு இடம். மாலையில், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது, இந்த சாக்ஸைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்து ஷூ வாங்குங்கள். கடைக்காரர் தருகிற மெல்லிய சாக்ஸில் அளவு பார்ப்பதில் பயனில்லை.

பெண்களுக்கு மட்டும் ஒன்று: மெட்டி. மெட்டியோடு விரல் சாக்ஸ் சரிப்படாது. உறை மெட்டியில் மாட்டி நிற்கும், இழுத்துப் போட்டாலும் இரண்டு விரலுக்கு நடுவில் வெள்ளி அழுத்திக்கொண்டே வரும். வாய் திறந்த மெட்டியாக இருந்தால் அதன் முனை தோலைக் கடிக்கும். எங்கள் ஓட்டக் குழுவில் சிலர் மெட்டி மேல் டேப் சுற்றிச் சமாளிக்கிறார்கள். பதினைந்து கிலோமீட்டர்வரை தாங்கும், அதற்கு மேல் டேப் நனைந்து நகர்ந்துவிடும். நான் வீட்டில் தயங்கித் தயங்கிச் சொன்னபோது மாமியார் ஒரே வார்த்தையில் முடித்தார்: "கழட்டி சாமி மாடத்துல வெச்சுட்டுப் போம்மா. வந்து குளிச்சுட்டுப் போட்டுக்கோ. கால்ல புண்ண வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?" மற்ற வீடுகளிலும் இப்படிச் சொல்லிவிட்டால் எத்தனை பெண்களின் கால் பிழைக்கும்!

விரல் சாக்ஸ் தீர்க்காத இடத்துக்கு வருகிறேன். முன்பாதத்தின் சதைப்பற்றான பகுதி, குதிகாலின் ஓரம், கட்டைவிரலின் உட்பக்கம். இங்கே சாக்ஸ் சாதாரண சாக்ஸாகத்தான் இருக்கிறது. ஈ.சி.ஆரில் சாலை ஓரம் சரிந்திருப்பதால் ஒரே பக்கமாக ஓடினால் ஒரு கால் எப்போதும் தாழ்வில் மிதிக்கும், பாதம் ஷூவுக்குள் சறுக்கும். மெரினா சர்வீஸ் ரோட்டில் கடல் மணல் ஷூவுக்குள் ஏறும். இதையெல்லாம் எந்த சாக்ஸும் தடுப்பதில்லை.

இங்கேதான் மைக்ரோபோர். 3எம் கம்பெனியின் காகித டேப், ஊசி போட்ட இடத்தில் பஞ்சை ஒட்டுவார்களே, அதே வெள்ளை டேப். "எத்தன இன்ச்சுக்கா?" என்பார் மெடிக்கல் ஷாப் தம்பி. விரலுக்கு அரை இன்ச், பாதத்துக்கு ஒரு இன்ச். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் 250 கிலோமீட்டர் பல நாள் ஓட்டம் ஒன்றில் 128 பேரின் காலில் சில இடங்களில் மட்டும் இந்த மாதிரிக் காகித டேப்பை ஒட்டி, ஒட்டாத இடங்களோடு ஒப்பிட்டார்கள். ஒட்டிய இடங்களில் கொப்புளம் 40 சதவீதம் குறைவு. 2016-ல் வெளியான ஆய்வு. அதே மருத்துவர்களின் முந்தைய ஆய்வில் பலன் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் இவ்வளவு மலிவான பொருளுக்கு இவ்வளவு பலன் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, அது லேசாகத்தான் ஒட்டும். துணி பிளாஸ்திரி பலமாக ஒட்டும், உண்மைதான். கீழே கொப்புளம் வந்துவிட்டால் பிரிக்கும்போது தோலையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். காகித டேப் அப்படிச் செய்யாது.

சென்னையில் இதை ஒட்ட ஒரே நேரம்தான் சரி: முந்தைய நாள் இரவு, ஃபேனுக்கு அடியில் கால் நன்றாகக் காய்ந்த பிறகு. காலையில் ஒட்டினால் லேஸ் கட்டுவதற்குள் வியர்த்து ஓரம் எழும்பிவிடும். கொப்புளம் வரும் இடத்துக்கு நாலு பக்கமும் கொஞ்சம் அதிகமாக வெட்டி, முனைகளைக் கத்தரியால் வளைவாக்கி, இழுக்காமல், சுருக்கமில்லாமல் ஒரே ஒரு அடுக்கு ஒட்டி, உள்ளங்கையால் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கால் கிரீம் தடவியிருந்தால் ஒட்டாது. விடிந்ததும் மேலே சாக்ஸ், கிளம்ப வேண்டியதுதான். இருபத்தைந்து கிலோமீட்டர்வரை என் முன்பாதத்தில் அசையாமல் இருக்கிறது. அதற்கு மேல் குதிகாலில் மட்டும் ஓரம் சுருள்கிறது, அங்கே இன்னும் நல்ல வழி தேடிக்கொண்டிருக்கிறேன்.

"அக்கா, தேங்காய் எண்ணெய் தடவிக்கிட்டா போதாதா?" என்று குழுவில் புதிதாக வருகிற பிள்ளைகள் கேட்பார்கள். எண்ணெயோ வாஸ்லினோ முதல் ஒரு மணி நேரம் நன்றாக வழுக்கும். பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்கு அது போதும். நேரம் போகப்போக உறிஞ்சப்பட்டு வழுக்கல் போய்விடும், மணல் ஏறினால் அதில் ஒட்டிக்கொள்ளும். டேப்புக்கும் அது எதிரி. பவுடர் நம் ஈரத்தில் களியாகிவிடுகிறது, நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் தயவுசெய்து சாக்ஸையும் டேப்பையும் மட்டும் நம்பாதீர்கள். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் கொப்புளம் வந்ததே தெரியாது. ஓடி வந்ததும் இரண்டு பாதத்தையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், எட்டாவிட்டால் கண்ணாடி வையுங்கள். ஏதாவது தெரிந்தால் நீங்களே ஊசியால் குத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள். மற்றவர்களும் மேல்தோலை உரிக்காதீர்கள், அதை விட நல்ல கட்டு கிடையாது.

சாக்ஸ் விலை ஒரு ஜோடிக்கு நம் சாதாரண சாக்ஸைப் போலப் பல மடங்கு, அதனால் பராமரிப்பு பற்றி. உள்பக்கத்தை வெளியே திருப்பித் துவையுங்கள், விரல் உறைக்குள் மணல் தங்கும். ஃபேப்ரிக் சாஃப்ட்னர் வேண்டாம், துணி வியர்வையைக் கடத்துவது குறைந்துவிடும். நிழலில் உலர்த்துங்கள். ஐப்பசி கார்த்திகையில் மாடியில் காயாது, அறைக்குள் ஃபேனுக்கு நேரே கிளிப் போட வேண்டும். அதற்காகவே இரண்டு ஜோடி தேவைப்படும். முதலில் போவது கட்டைவிரல் நுனிதான், நகத்தை ஒட்ட வெட்டினால் கொஞ்ச காலம் கூட வரும். ஓட்டை விழுந்தபின் தைத்துப் போட்டு ஓடாதீர்கள், தையல் முடிச்சு அங்கேயே அழுத்தும். அந்த ஜோடியை நடைப்பயிற்சிக்கு ஒதுக்கிவிட்டு, நீண்ட ஓட்டத்துக்குப் புதியது எடுங்கள். புதியதையும் முதலில் ஒரு குறைந்த தூர ஓட்டத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகுதான் மாரத்தானுக்கு.