ஆற்று வைரமும் பாறை வைரமும்

ஆப்பிரிக்காவில் வைரம் ஒரு நாட்டுக்குப் போரைத் தந்தது, இன்னொன்றுக்குத் தரவில்லை. ஏன்? மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனின் கோனோ பகுதியில் வைரம் ஆற்று மணலிலேயே கிடக்கிறது. ஒரு மண்வெட்டி, ஒரு சல்லடை, இடுப்பளவு தண்ணீரில் நிற்க ஓர் ஆள், அவ்வளவுதான் முதலீடு. அதனால் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் ஆற்றங்கரையைப் பிடித்தார்கள். கல் லைபீரியா வழியாகக் கடத்தப்பட்டது, ஆயுதம் திரும்பி வந்தது. 1991 முதல் 2002 வரை போர்.

தெற்கு ஆப்பிரிக்கப் பகுதியின் போட்ஸ்வானாவில் 1967இல் ஒராபாவில் கண்டது ஆழத்துக்கு இறங்கும் வைரப் பாறை. பெரிய இயந்திரம் இல்லாமல் தோண்ட முடியாது. வேலி போட்டுக் காப்பதும் எளிது. அரசும் டி பியர்ஸ் என்ற வைர நிறுவனமும் பாதிக்குப் பாதி கூட்டு.

சரி, எல்லாம் மண்ணின் அதிர்ஷ்டம்தானா? அப்படி விட்டுவிட எனக்கு மனமில்லை. ஒராபா இருப்பது போட்ஸ்வானாவின் முதல் ஜனாதிபதி செரெட்சே காமாவின் சொந்த இனக்குழுவின் நிலத்தில். அப்படியிருந்தும் அவர் ஆட்சியில்தான் கனிம உரிமை நாட்டுக்கே என்றானது. சியரா லியோனில் ஜனாதிபதி சியாக்கா ஸ்டீவன்ஸ் காலத்தில் வைரப் பணம் வேண்டியவர்கள் பைக்குப் போனது; போருக்கு முன்பே அரசு உளுத்துப்போயிருந்தது.