சாக்கடை அடைப்பு எடுக்கிறோம் என்று 18,600 ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், ஏமாறாதீர்கள்

நேற்று ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், இன்னொரு வீடாவது தப்பிக்கட்டும். போனது 18,600 ரூபாய்.

கோவை காந்திபுரம் பக்கம் சின்னதாக மெஸ் நடத்துகிறோம். காலையில் சந்தகை, மதியம் அரிசிம்பருப்புச் சோறு, சாயங்காலம் பஜ்ஜி போண்டா. முன்னால் கடை, பின்னால் வீடு, இரண்டுக்கும் ஒரே சாக்கடை லைன். போன செவ்வாய்க்கிழமை காலை பாத்திரம் கழுவுகிற தொட்டியில் தண்ணீர் இறங்கவில்லை. மதியத்துக்குள் பாத்ரூமில் எதிர்த்துக்கொண்டு வந்துவிட்டது. கடையைச் சாத்தினோம். மாநகராட்சியில் சொன்னால் நாளாகும் என்று நானே முடிவு கட்டி, வீட்டு வேலைகளுக்கு ஆள் அனுப்புகிற ஒரு செல்போன் ஆப்பில் பதிவு செய்தேன்.

ஒரு மணி நேரத்தில் பையன் வந்துவிட்டான். சீருடை, கையுறை, கழுத்தில் அட்டை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "அக்கா, பயப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்" என்றான். அந்த ஒரு சொல்லில் எனக்குப் போன உயிர் வந்தது. பார்ப்பதற்கு மட்டும் 600 ரூபாய். சாக்கடைக் குழாயைத் திறந்து பார்க்கிற குழியின், அதாவது சேம்பரின், மூடியைத் தூக்கி, நுனியில் கேமரா வைத்த கறுப்பு ஒயரை உள்ளே விட்டான். அஞ்சு நிமிஷம் கழித்து அவன் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினான். வெள்ளையாக, ஈரமாக, பாறை மாதிரி ஒன்று வழியை அடைத்துக்கொண்டு கிடந்தது. "எண்ணெய்ப் பாறைக்கா. இப்ப எடுக்கலைன்னா குழாயவே தோண்டி மாத்தணும், லட்சத்துல போயிரும்." வயிறு கலங்கிவிட்டது. 18,000 கேட்டான், முழுவதும் முதலிலேயே. அனுப்பிவிட்டேன். வீடியோவையும் அத்தாட்சிக்கு என்று வாட்ஸாப்பில் போட்டுவிட்டான்.

பிறகு ஒரு டப்பா வெள்ளைத் தூளைக் கொட்டி, எங்கள் கடை அடுப்பிலேயே காய்ச்சிய வெந்நீரை நாலு குடம் ஊற்றினான். பொங்கிப் புகை வந்தது, கண் எரிந்தது, தண்ணீர் மடமடவென்று இறங்கியது. மொத்தம் நாற்பது நிமிஷ வேலை. ஒரு மாதம் கேரண்டி என்று பில்லும் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை மறுபடியும் எதிர்த்து வந்தது. இந்த முறை பக்கத்து வீட்டுப் பாட்டியின் சமையலறையிலும். "ஏங்கண்ணு, எங்கூட்டுக்குள்ள எல்லாம் வருதே" என்று அவர் வந்து நின்றபோது எனக்கு நாக்கு எழவில்லை.

ஆப்பில் புகார் போட்டேன். உங்கள் புகார் எங்களுக்கு முக்கியம் என்றார்கள். இரண்டு மணி நேரத்தில் 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டார்கள். திரும்பப் போட்டேன். ஒரு பெண் பேசினார்: அடைப்பு இப்போது முப்பது அடி தள்ளி இருக்கிறது, கேரண்டி பழைய இடத்துக்கு மட்டும்தான் மேடம். பையனின் போன் அணைந்து கிடந்தது. கடைசியில் சூப்பர்வைசர் என்று ஒருவர் கூப்பிட்டு, இன்னும் 4,000 கொடுத்தால் மேன்ஹோலுக்குள் ஆள் இறக்கி எடுத்துத் தருகிறோம் என்றார். அதைக் கேட்டதும்தான் எனக்கு உடம்பு பதறியது. ஆளை இறக்கக் கூடாது என்று 2013லேயே சட்டம் வந்துவிட்டது. உள்ளே இறங்கிச் சாகிறவர் குடும்பத்துக்கு 30 லட்சம் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023ல் சொன்னது. என் வீட்டுச் சாக்கடைக்காக ஒருத்தர் பிள்ளை உள்ளே போக வேண்டுமா? வேண்டாம் என்று போனை வைத்துவிட்டேன்.

மாநகராட்சியில் சொன்னேன். மறுநாளே ஜெட்டிங் வண்டி வந்துவிட்டது. தண்ணீரை அழுத்தமாகப் பாய்ச்சினார்கள், அடுத்த சேம்பரில் மெழுகுக் கட்டி மாதிரி துண்டு துண்டாக வந்து விழுந்தது. ஒன்றைக் குச்சியால் உடைத்துக் காட்டினார் வண்டியோடு வந்த பெரியவர். உள்ளே சோற்றுப் பருக்கை, தலைமுடி, ஷாம்பு பாக்கெட், குழந்தைக்குத் துடைக்கிற ஈரத் துணி, அப்படியே முழுசாக. தூளும் வெந்நீரும் எண்ணெயை இளக்கி அடுத்த சேம்பர் வரை தள்ளியிருக்கிறது, அங்கே ஆறி உறைந்துவிட்டது என்றார். மார்கழியில் தேங்காயெண்ணெய் பாட்டிலிலேயே கட்டியாவதில்லையா, அப்படி. போர் தண்ணீர் பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சுண்ணாம்புச் சத்தும் கொழுப்போடு சேர்ந்தால் சோப்புக் கட்டி போல இறுகிவிடுமாம்.

அவரிடம் அந்த வீடியோவைக் காட்டினேன். "ஏனுங்க அம்மிணி, உங்க லைன் ஆறு இஞ்சு மண் குழாய். இதுல செங்கல் சுவரு தெரியுதே, ஆள் குனிஞ்சு போற அளவுக்கு இருக்குதே?"

அது வரைக்கும் நான் அதைப் பார்க்கவே இல்லை. வெள்ளைப் பாறையை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். மகள் உட்கார்ந்து தேடினாள், பத்து நிமிஷத்தில் அதே வீடியோ கிடைத்தது. லண்டனில் வைட்சேப்பல் என்ற இடம், 2017. தெருவுக்கு அடியில் 250 மீட்டர் நீளத்துக்கு 130 டன் கொழுப்பு உறைந்து கிடந்ததாம். எட்டுப் பேர் சேர்ந்து வெட்டி எடுக்க வாரக்கணக்கில் ஆகியிருக்கிறது, ஒரு துண்டை அங்கே மியூசியத்தில்கூட வைத்தார்கள். அந்த ஊர்ச் சாக்கடையைக் காட்டி என்னிடம் 18,600 ரூபாய் வாங்கியிருக்கிறான். பதினைந்து நாள் மெஸ் ஓடினால் மிஞ்சுகிற காசு அது.

லண்டன் வீடியோவையும் இணைத்து ஆப்பில் போட்டேன். பதிலே இல்லை. நான் எழுதிய விமர்சனத்தையும் எடுத்துவிட்டார்கள்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது, மாவும் அரைக்க வேண்டும். அவசரத்துக்கு இவ்வளவுதான். கேமரா விட்டால் உங்கள் சேம்பர் மூடியில் தொடங்கி வெட்டில்லாமல் படம் எடுக்கச் சொல்லுங்கள். முழுப் பணத்தையும் முதலிலேயே கொடுக்காதீர்கள். தூள் கொட்ட விடாதீர்கள். முதலில் மாநகராட்சிக்குச் சொல்லுங்கள், சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி சுத்தம் செய்வதற்கான உதவி எண் 14420க்கும் கூப்பிடலாம். பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். எங்கள் வாணலிகளைத் துடைக்காமல் கழுவியது எங்கள் தப்புதான், நேற்றிலிருந்து பழைய பேப்பரால் துடைத்துவிட்டுத்தான் தொட்டியில் போடுகிறோம்.

நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் பதிந்திருக்கிறேன். பாட்டி வீட்டை நானும் மகளும் இரண்டு தடவை பினாயில் போட்டுக் கழுவியும் வாடை போகவில்லை. 18,600 ரூபாயில் இன்னும் ஒரு பைசா வரவில்லை. வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.